வியாழக்கிழமைப் பாட்டு

பிப்ரவரி 3, திங்கள்

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் ஆலைக் கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் அழுதுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று நினைத்தேன். அப்புறம் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், முப்பது பேருக்கு மேற்பார்வையாளன், குழாயடியில் உட்கார்ந்து அழுகிறான் என்றால் அக்காக்காரிக்கு எப்படி இருக்கும் சொல்.

உன் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம், பதிலை ஆலை முகவரிக்கே போடு என்கிறாய். போடுகிறேன். ஆனால் அவளிடம் சொல்வதுதான் நல்லது. அவள் ஒன்றும் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நான் ராக் பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம். இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், ஆபரேஷன் கத்தி கத்தரிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து மேலே அனுப்புகிற வேலையில் பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்றால், ஒரு காதில் மாட்டியிருக்கிற பாட்டுத்தான் காரணம். இங்கே போன் சிக்னல் எட்டாது. இயந்திரம் ஒரு தடவை ஓடி முடிக்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உறைக்குள் ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கிறேன். ஐந்து நாளுக்கு ஐந்து பாட்டு. பெயரெல்லாம் உன் வாயில் நுழையாது, எண் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமைக்கு ஒன்றாம் எண். பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே டிரம்ஸ்காரன் கதவை உதைக்கிற மாதிரி உதைப்பான். பஸ்ஸை விட்டு இறங்கி ஆலை கேட் வரைக்கும் நடக்கும்போது கேள், உட்கார்ந்துகொண்டு கேட்டால் வேலைக்காகாது. செவ்வாய்க்கு இரண்டு. அந்த ஆளுக்கு நிரந்தரச் சளி, மூக்காலேயே பாடுவான். ஆனால் தன்னை யாரும் மதிப்பதில்லை என்கிற விஷயத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிற ஒருவனை நான் பார்த்ததில்லை. மேலாளரிடம் திட்டு வாங்கிய அன்றைக்கு ரொம்ப உதவும். புதனுக்கு மூன்று பெண்கள். கிடாருக்குச் சுதி சேர்க்காமலே மேடை ஏறிவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அதைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது இவர்கள் போடுகிற சண்டையில் எழுந்து உட்கார்ந்துவிடுவாய். வெள்ளிக்கு ஐந்தாம் எண். சுத்தக் கிறுக்குப் பாட்டு, அர்த்தம் தேடாதே.

நான்காம் எண் வியாழக்கிழமைக்கு. அது ஏன் என்று இப்போது கேட்காதே.

இயந்திரம் மணி அடிக்கிறது. கேட்டுவிட்டு எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 12, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதமும் மெமரி கார்டும் கிடைத்தன. பாட்டுகளைக் கேட்டேன். மிகவும் நன்றாக இருந்தன. குறிப்பாக ஒன்றாம் எண்.

இங்கே புதிய மேலாளர் வந்திருக்கிறார். வாரத்தின் நடுவில் உற்பத்தி இறங்கிப்போகிறதாம். தினமும் பத்து மணி டீ இடைவேளையில் மேற்பார்வையாளர்கள் முறை வைத்து ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் உற்சாகமாகப் பேச வேண்டும் என்று உத்தரவு. உனக்குத்தான் தெரியுமே, நான் பேர் கேட்டாலே திக்குகிறவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது. சளி பிடித்த பாடகனைப் பற்றி நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அட்டை வெட்டுகிற இயந்திரத்தில் நிற்கிற அம்மா சிரித்து டீயைக் கொட்டிவிட்டார். அந்தப் பாட்டு வேண்டும் என்று ஆறு பேர் கேட்டு வந்தார்கள், கார்டைக் கொடுத்தேன், போனில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றிரண்டு வரி எடுத்துக்கொண்டேன், தப்பில்லையே அக்கா? அடுத்த வாரத்துக்கும் ஐந்து எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். வியாழக்கிழமைப் பாட்டைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. அன்றைக்கு மட்டும் என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்தேன்.

உன் தம்பி


பிப்ரவரி 20, வியாழன்

தம்பிக்கு,

தாராளமாக எடுத்துக்கொள். அக்கா சொன்னாள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள், அது போதும். ஆலை ஒலிபெருக்கியில் என் பேச்சு என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் மிதப்பாக இருக்கிறது. இந்த வாரத்து ஐந்தும் தனித்தாளில் இருக்கின்றன.

இது உனக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

ஒவ்வொரு தடவை நீராவி இயந்திரம் ஓடும்போதும் உள்ளே ஒரு சோதனைப் பட்டை வைப்போம். விரல் நீளத்துக்கு ஒரு காகிதம். நீராவி சரியாக ஏறியிருந்தால் அது கன்னங்கரேலென்று கறுத்துவிடும். கறுக்காவிட்டால் அந்தச் சுற்றில் வெந்த ஒரு கருவிகூட மேலே போகக் கூடாது, எல்லாவற்றையும் மறுபடி கட்டி மறுபடி வேகவைக்க வேண்டும். பட்டையைப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

போன வருடம் ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. நான்காம் எண் பாட்டு காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழரை நிமிடப் பாட்டு அது, பாதிக்குமேல் வெறும் கிடார். அதில் ஓர் இடம் வரும், நெஞ்சைப் பிடித்து மேலே தூக்குகிற மாதிரி இருக்கும். சரியாக அந்த இடத்தில் இயந்திரம் மணி அடித்தது. பாட்டை நிறுத்த மனசு வரவில்லை. பாடிக்கொண்டே பட்டையை எடுத்து, ஒட்டி, கையெழுத்துப் போட்டு, மூன்று கருவித் தட்டுகளை மேலே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தபோதுதான் பட்டையைப் பார்த்தேன். சாம்பல் நிறம். கறுக்கவில்லை தம்பி. ஓடிப்போய் விசாரித்தேன். மூன்று தட்டும் முந்தின நாளே உபயோகமாகிவிட்டன.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் வார்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு அலைந்தேன். யாரும் சாகவில்லை என்பது மட்டும் தெரியும். இயந்திரத்தில் ஒரு வால்வு பழுது என்று மறுவாரமே கண்டுபிடித்து மாற்றிவிட்டார்கள். பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பட்டை இன்னும் அங்கேதான், என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் மூன்றாம் தட்டு, நீல அட்டை.

அந்தப் பாட்டை அப்புறம் என்னால் கேட்க முடியவில்லை. பிறகு நானே எனக்கு ஒரு விதி போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் அதை முழுசாகக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே அந்த வாரத்துப் பட்டை எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் காதில் மாட்டுவதையும் அன்றோடு விட்டுவிட்டேன். ஒரு காதில் பாட்டு என்று போன கடிதத்தில் எழுதியது பொய். உன்னிடம் வீம்புக்கு எழுதினேன்.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், நீ குழாயடியில் அழுகிறதை எனக்குச் சொன்னாயே, அதனால்தான். நீ வெட்கத்தை விட்டுச் சொன்னாய், நான் மட்டும் பெரிய மனுஷி மாதிரி பாட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா


மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். நீ வருத்தப்படாதே. மனிதர்களாகப் பிறந்தவர்கள் தவறு செய்வது இயல்பு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. என்னைத் தரப் பொறுப்பாளராக உயர்த்தியிருக்கிறார்கள். இனிமேல் ஆலையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு அட்டைப்பெட்டி அடுக்கிலும் என் முத்திரை விழ வேண்டும். இங்கே எல்லோரும் என்னைப் ‘பாட்டு சார்’ என்று கூப்பிடுகிறார்கள்.

அடுத்த வாரத்துப் பாட்டுகளை எதிர்பார்க்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 31, திங்கள்

உனக்கு என்ன பட்டம் போட்டு எழுதுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டியிடமிருந்து எனக்கு ஒரு தபால் வந்தது. உங்கள் ஆலையில் மாதா மாதம் அச்சடிக்கிற அந்த ஒற்றைத் தாள். ‘அண்ணி, உங்க தம்பி எழுதினது. இவருக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியாது. படிச்சு அழுதுட்டேன்’ என்று ஓரத்தில் குட்டி எழுத்தில் எழுதியிருந்தாள். பாவம், பெருமை தாங்காமல் அனுப்பியிருக்கிறாள்.

‘வேலை நாளுக்கு ஒரு பாட்டு’ என்று தலைப்பு. திங்கள் என்னுடையது. செவ்வாய் என்னுடையது. கிடாருக்குச் சுதி சேர்க்காத மூன்று பெண்களும் என்னுடையவர்கள். அக்கா என்கிற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுகூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

வியாழக்கிழமையைப் படித்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஐயா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, பசைச் சோதனைச் சீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாராம். கிடார் நெஞ்சைப் பிடித்து மேலே தூக்குகிற மாதிரி இருந்ததாம். டேய், அந்த நெஞ்சு என்னுடையதடா. சாம்பல் நிறத்தைக்கூட விட்டுவைக்கவில்லை நீ.

அதற்கு மேல் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் எட்டுத் தடவை படித்தேன். ‘மறுநாள் காலை ஏழு மணிக்கு மேலாளர் அறை வாசலில் நின்றேன். நான்தான் என்றேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதியைத்தான் இந்தப் பாட்டு ஒவ்வொரு வியாழனும் திருப்பித் தருகிறது.’ நான்தான் என்கிற அந்தச் சொல்லை எங்கேயிருந்து எடுத்தாய்? என் கடிதத்தில் அது இல்லை. நான் எங்கேயும் போய் நிற்கவில்லை. என் கேவலத்தை எடுத்துக்கொண்டு போய், அதற்கு நல்ல சட்டை ஒன்று தைத்து, நீ போட்டுக்கொண்டாய். அதைப் பார்த்துத்தான் உனக்கு அந்த முத்திரையைக் கொடுத்தார்களா?

இனி எனக்குக் கடிதம் எழுதாதே.


ஏப்ரல் 4, வெள்ளி

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். மேலாளர் நெருக்கினார், தாள் அச்சுக்குப் போகிற அவசரம், உன் பெயர் வெளியே வந்தால் உனக்குத்தான் ஆபத்து என்று நினைத்துத்தான் என் பெயரில் போட்டேன், இப்படியெல்லாம். படித்துப் பார்த்தேன். கசக்கிப் போட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் வியாழக்கிழமைக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உன் மேல் இரக்கம் வரவில்லை. அடுத்த வாரம் பேச நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் உன் முகம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் பேசினேன். பேசி முடித்ததும் முப்பது பேரும் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை அக்கா. மேலாளர் ஓடி வந்து, ‘இதை நம்ம தாள்ல போடணும், இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்’ என்றார். பழைய மேலாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்க ஆளில்லை. அதைத் தெரிந்தேதான் ஆறு வருடம் என்று போட்டேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

நான் போய்ச் சொல்லிவிட்டதாக எழுதியதற்கு ஒரே காரணம்தான். சொல்லாமல் விட்டதாக எழுதினால் கை தட்ட மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. முதல் கார்டைப் போனில் போட்டு ஒன்றாம் எண்ணை அரை நிமிடம் கேட்டேன், தலைவலி வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். ஆலையில் எல்லோரும் கேட்டார்கள், முணுமுணுக்கிறார்கள், என்னிடம் வந்து பேசுகிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். எனக்கு உன் கடிதம் போதுமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தக் கழிப்பறைக்குள் நின்று அதைத்தான் படிப்பேன். குழாயைத் திறந்து இரண்டு மாதமாகிறது.

வியாழக்கிழமைக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இப்போது கிழிக்கவும் கை வரவில்லை. இந்த உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 17, வியாழன்

அக்கா,

பதில் இல்லை. நீ வேலைக்குப் போகிறாயா, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

தம்பி


மே 2, வெள்ளி

தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வேலைக்கும் போகிறேன், ஆனால் வேறு வேலை.

உன் மேல் வந்த கோபம் ஒரு வாரம் நின்று ஆடியது. பாத்திரத்தை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். உன் பெண்டாட்டிக்கு எழுதி உன் வண்டவாளத்தை எல்லாம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒருநாள் மத்தியானம் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன், இன்னொரு தடவை திட்டலாம் என்றுதான். அந்த மூன்று வரியில் வந்து நின்றுவிட்டேன். அந்தக் கதையில் வருகிற மனுஷன் மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் நின்றான். நான் பதினைந்து மாதம் போகவில்லை. நீ சொன்னது பச்சைப் பொய், ஆனால் அந்தப் பொய்யில் இருக்கிற ஆள் என்னைவிட நல்லவன். இதை நினைத்து எனக்கு வந்த அவமானம் இருக்கிறதே, அதற்கு முன்னால் நீ செய்தது ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி நீலப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எங்கள் துறைத் தலைவியின் அறைக்குப் போனேன். பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன். ‘நான்தான்’ என்றேன். உன் சொல்லையேதான் சொன்னேன். வழியெல்லாம் வேறு என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனேன், வாசலில் ஒன்றும் வாயில் வரவில்லை. நீ என்னிடம் எடுத்தாய், நான் உன்னிடம் எடுத்தேன், கணக்குச் சரி.

உன் கதையில் நிம்மதி வந்தது. இங்கே வரவில்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டையைக் குனிந்து பார்த்தார், தேதியைப் பார்த்தார், ‘காதுல மாட்டியிருந்தியா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். பழைய ஏடுகளை எல்லாம் எடுத்து அந்த மூன்று தட்டும் யாருக்குப் போயின என்று தேடினார்கள். இரண்டு பேர் மறுநாளே நன்றாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மூன்றாவது ஒரு பஸ் ஓட்டுநர், பெண், என் வயதுதான் இருக்கும். பித்தப்பை ஆபரேஷன். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, மறுபடி திறந்து, பதினெட்டு நாள் படுத்திருக்கிறார். அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

பதினெட்டு நாள் தம்பி. எனக்குத் தலைக்குமேல் இரண்டு மாடியில் படுத்திருந்திருக்கிறார். நான் யாரும் சாகவில்லை என்று பலகையைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டு, கீழே உட்கார்ந்து, எனக்கு நானே தண்டனை என்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாராவாரம் நல்ல பாட்டுக் கேட்பதற்குப் பெயர் தண்டனையா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வேலையை விட்டு அனுப்பவில்லை. கையெழுத்துப் போடுகிற உரிமையை எடுத்துவிட்டார்கள். இப்போது அழுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், ரத்தக்கறையோடு வருகிற கருவிகளைத் தொட்டியில் ஊறவைத்துத் தேய்க்கிற இடம். பதினாறு வருடத்துக்கு முன்னால் சேர்ந்த அன்றைக்கு நின்ற அதே தொட்டி. என்னிடம் வேலை கற்றவள் இப்போது எனக்கு மேலே. அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

அந்த ஓட்டுநரை வரச்சொல்லி நடந்ததை நேரில் சொல்லப்போகிறார்கள். நானும் வருகிறேன் என்று கேட்டிருக்கிறேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முத்திரையைத் தினமும் கையில் எடுக்கும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

அக்கா


மே 12, திங்கள்

அக்கா,

இப்போது கையில் முத்திரை இல்லை. இன்று காலைதான் கொடுத்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் நல்ல நேரம் பார்த்தேன். மேலாளர் சிரித்த முகமாக இருக்கட்டும், இந்த வாரத்துச் சரக்குப் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் அறைக்குப் போய்த் தனியாகச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை. அப்படிச் சொன்னால் அவரே மூடி மறைத்துவிடுவார், எனக்கும் அது வசதி, அதுதான் என் எண்ணம் என்று எனக்கே தெரிந்தது. இன்று பத்து மணிக்கு மைக் என் முறை.

‘இதுவரைக்கும் நான் சொன்ன பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாம் எங்க அக்கா எழுதினது. வியாழக்கிழமைக் கதையும் என்னுடையது இல்லை. நான் யார்கிட்டயும் போய் எதையும் ஒத்துக்கிட்டது கிடையாது’ என்றேன். இதைச் சொல்லவே மூன்று நிமிடம் ஆனது, அவ்வளவு திக்கல். உன் ஊர், உன் வேலை எதையும் சொல்லவில்லை.

டீக் குவளையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் பின்னாலிருந்து சிரித்தான். வெட்டுகிற இயந்திரத்து அம்மா மட்டும் என்னிடம் வந்தார். அவருடைய மகன் ஏதோ தப்புச் செய்துவிட்டு மறைத்து வைத்திருந்தானாம், என் தாளைச் சுவரில் ஒட்டி வைத்து, பார், இப்படி ஒரு மனுஷன் என்று காட்டிக்கொண்டிருந்தாராம். ‘நான் இப்ப வீட்டுக்குப் போய் அவன்கிட்ட என்ன சொல்றது சார்?’ என்று கேட்டார். தரையில் கிடந்த அட்டைத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலாளர் முத்திரையை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார். என்னை மறுபடி பழைய பகுதிக்கே அனுப்பிவிட்டார். ஒலிபெருக்கிப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

வீட்டில் நேற்றே சொல்லிவிட்டேன். திருடியதைக் கேட்டு அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ‘அழறதுக்கு ஆலைக்குப் போனீங்களா? இங்க நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?’ என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள், பேசவில்லை.

அந்த ஓட்டுநரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை. நான் எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது உன் கடிதத்தில் படித்ததாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

தம்பி


மே 23, வெள்ளி

தம்பிக்கு,

நீ மைக்கில் திக்கியதைப் படித்து அழுதேன். உன் பெண்டாட்டியிடம் நீயாகப் போய்ப் பேசு. அவள் கதவைத் திறக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்காதே.

நேற்று அந்த ஓட்டுநர் வந்திருந்தார். சீருடையோடு, தோளில் ஒரு பை. சாயங்கால வண்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றார். துறைத் தலைவி ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார், பட்டை, கையெழுத்து, காதில் மாட்டியிருந்தது, எல்லாம். நான் எழுந்து நின்று, என் தப்புத்தான், மன்னிச்சிடுங்க என்றேன். எவ்வளவோ எழுதிப் பார்த்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் வந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதினெட்டு நாளும் பக்கத்துப் படுக்கைக்காரி கொடுத்த பத்திரிகையையே திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னார். அப்புறம் சம்பளம் போச்சா, பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தலைவி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

‘அப்படி என்ன பாட்டும்மா அது?’ என்று கேட்டார்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை தம்பி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஊருக்கெல்லாம் பாட்டுச் சொல்கிறவள். உங்கள் ஆலையில் முப்பது பேருக்கு நான் அனுப்பிய பாட்டுத் தெரியும். அந்த ஒருத்திக்கு அதன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ‘சரி, வண்டி எடுக்க நேரமாச்சு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா